தலை வலிக்காத மாத்திரை

“அண்ணாச்சி, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையோட பர்ச்சேஸ் பில்ல எடுங்க. நான் பாக்கணும்.”

இதைக் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தது. சொன்னது அண்ணாச்சி இல்லை, என் உம்மா. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, முன்னும் பின்னும் இல்லாமல் சொன்னாள்: லீவு கேள், ஃபேன் கேள், உட்கார ஸ்டூல் கேள், அண்ணாச்சியிடம் பில்லை மட்டும் கேட்டுவிடாதே. ஏன் என்று கேட்டதற்குக் குழம்பை ஊற்றினாள். மெடிக்கல் கடையில் பில் என்று ஒன்று இருப்பதே உம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை. அது எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

நம்பிராஜன் அண்ணாச்சியின் மெடிக்கல் தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கிறது. கல்லாவுக்கு மேலே, அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு என் ஃபார்மசிஸ்ட் சர்ட்டிபிகேட் தொங்கும். எனக்கு முன்னால் அதே ஆணியில் டோம்பிவிலிக்காரர் ஒருவருடைய சர்ட்டிபிகேட் தொங்கியது. தொங்கியது காகிதம் மட்டும்தான். ஆள் கடைப்பக்கம் வந்ததே கிடையாது, சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு விட்டிருந்தார். பி.ஃபார்ம் முடித்து நான் சேர்ந்தபோது அண்ணாச்சி தெருவுக்கே சொன்னார், இனிமேல் நம்ம பிள்ளையே நிற்கும் என்று. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். உம்மா அந்தக் கண்ணாடியைப் பார்க்கவென்றே வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் பல்பொடி வாங்கிப் போவாள்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கவுண்டரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

“என்ன தாயி, எஃப்டிஏல மருந்து இன்ஸ்பெக்டர் வேலை கெடச்சிருச்சா?”

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் ‘தாயி’ என்று கூப்பிட்டாலே எதையோ மூடுகிறார் என்று அர்த்தம்.

என் சந்தேகம் அதற்கு ஒரு வாரம் முன்னால் முருகம்மாளிடம் தொடங்கியது. முருகம்மாள் விடியற்காலையில் அலுமினியப் பாத்திரத்தில் இட்லி எடுத்துக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போய் விற்கிறவள். ஐம்பத்தாறு வயது. மூன்று வருடமாக நெஞ்சு வலி. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும், உடனே ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். எங்கள் கடையில்தான் வாங்குவாள், ஐந்து ஐந்தாக. அன்றைக்கு வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எனக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தாள்.

“ஏ மருந்துக்காரி, ஒங்க கடையில இப்ப குடுக்குத மாத்திர நல்ல கோலி. முன்னால போட்டா மண்ட வெடிச்சிரும். இப்பல்லாம் தல வலியே இல்ல.”

அவள் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. இந்த மாத்திரை ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. நெஞ்சுக்கு மட்டும் விரி, தலையை விட்டுவிடு என்று அதனிடம் சொல்ல முடியாது. நெஞ்சில் வலி விடுகிற அதே நிமிடங்களில் மண்டைக்குள் குழாய்கள் விரிந்து தலை தெறிக்கும். சிலருக்கு உடம்பு பழகித் தலைவலி குறையும், அது உண்டு. ஆனால் அதே வாரம் ஆண்டாப் ஹில்லில் இருந்து வரும் வெயிலுமுத்து என்ற வாட்ச்மேன் அதையே சொன்னார். கோவண்டியில் இருந்து அண்ணனுக்காக வாங்கிப் போகிறவள் ஒருத்தி சொன்னாள். நான்காவதாகச் சொன்னது, நெஞ்சு வலிக்கு இதே மாத்திரையை வைக்கிற என் சொந்த வாப்பா. ஒரே பெட்டியில் இருந்து போன மாத்திரை, நான்கு பேருக்கு ஒரே வாரத்தில் பழகிவிடுமா?

குடோனுக்குள் போய் ஒரு மாத்திரையை என் நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கல்லூரியில் ஒருமுறை விளையாட்டுக்கு வைத்துவிட்டு லேப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். சுருக்கென்று ஒரு குத்தல், பிறகு காதுக்குள் தன் நாடியே கேட்கும். இப்போது ஒன்றும் இல்லை. சாக்பீஸைச் சப்பியது போல இருந்தது. கால் மணி நேரம் காத்திருந்தேன். தலை தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தது.

டூப்ளிகேட் மால், போலிச் சரக்கு என்று முடிவு கட்டினேன். மொத்தக் கடையில் இருந்து ஸ்கூட்டரில் பெட்டி கொண்டுவரும் மகேஷ்குமார் மீதுதான் முதல் சந்தேகம். அவன் போன் அவன் சம்பளத்துக்கு மேல் இருந்தது. ஸ்கூட்டர் நம்பரைக் குறித்து வைத்தேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சிரித்து, ஸீல் உடைக்காமல் கொடுக்கிறேன், அதற்குப் பிறகு உங்கள் ஸேட் அதை என்ன செய்கிறார் என்று அவரிடம் கேளுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனான். சந்தேகம் அண்ணாச்சி மீது திரும்பியது. எவன் மீது திரும்பினாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது. என் மீது திரும்பாமல் இருந்தால் போதும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை கருஞ்சிவப்புக் கண்ணாடிக் குப்பியில் முப்பது முப்பதாக வரும். குப்பியை விட்டு எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் போடக் கூடாது, மூடியை இறுக்கி வைக்க வேண்டும், மருந்து தானாகவே காற்றில் பறந்துவிடும். மூன்றாம் வருடப் பரீட்சையில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண். இருந்தும் இரண்டு மாதத்துக்கு முன்னால் அண்ணாச்சி சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் ஐந்து மாத்திரை போட்டுக் கொண்டுவந்து வைத்தபோது நான் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னார், அஞ்சு கேட்கிறவனுக்கு முப்பதையா தலையில் கட்டுவாய் என்று. வாயை மூடிக்கொண்டேன். அன்றன்றைக்குக் குடோனில் பிரித்துப் போடுகிறார், ஐந்து மாத்திரை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், ஒரு வாரத்தில் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கவர்களை எடுத்துக் கொடுத்த கை என் கைதான்.

நான் பில்லைக் கேட்ட அந்தத் திங்கள்கிழமை அண்ணாச்சி மறுக்காமல் டிராயரைத் திறந்து பில்லை எடுத்துப் போட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பில்லில் ஒரு குறையும் இல்லை. பெரிய கம்பெனி, பேட்ச் நம்பர், அடுத்த வருடம் வரை கெடு. இரண்டு மாதத்தில் நாற்பது குப்பி. கடையில் இரண்டு அலமாரியையும் குடோனையும் நான் தினமும் பார்க்கிறேன். ஒரு குப்பிகூட, காலிக் குப்பிகூட, என் கண்ணில் பட்டதில்லை.

“குப்பி எங்க அண்ணாச்சி?”

கவுண்டரில் நின்ற இரண்டு பேருக்கும் மருந்தைக் கொடுத்து அனுப்பினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பில்லை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு சொன்னார்.

“அத ஒங்க உம்மாட்ட போய்க் கேளு. அந்தக் கவர நல்லாப் பாத்துட்டுப் போய்க் கேளு.”

ஒரு கவரை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்க வராது. அதனால் கவரில் குறி போடுவது வழக்கம். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. இந்த மாத்திரைக்கு மூன்று புள்ளி, ஆய்த எழுத்து மாதிரி. ஒன்று வை, ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால் இன்னொன்று, பிறகு மூன்றாவது, அதற்கும் விடவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அர்த்தம். அண்ணாச்சியின் குறி என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் கண்ணைக் கொடுத்துப் பார்க்கிறேன். அவை புள்ளிகள் இல்லை. குட்டிக் குட்டி வட்டங்கள். மூன்றும் வளையல் போல முழுசாக மூடியிருந்தன. இடது பக்கத்துக் கீழ் வட்டத்தில் மட்டும் பேனா வெளியே வழுக்கி ஒரு வால்.

உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் ஃ இப்படிப் போடும். உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் எழுதக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல், சஃப்ரீன். என் டிஃபன் டப்பாவில், மழைக்கோட்டில், கணக்கு நோட்டில் எல்லாம் அவள்தான் என் பெயரை எழுதினாள். புள்ளி வைத்தால் அழிந்துபோகும் என்று மூன்று வட்டம் போடுவாள்.

குடையை எடுக்க மறந்து வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் வீடு பை தைக்கிற பட்டறைக்கு மேலே. வெளியில் இருந்து இரும்பு ஏணி ஏற வேண்டும். பகல் இரண்டரை மணிக்குக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இடுக்கு வழியாகப் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இந்த வாடை உண்டு. கீழே பட்டறையில் இருந்து வருகிறது என்று உம்மா சொல்லியிருந்தாள். நம்பினேன். உம்மாவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் தலையைப் பிளக்கிற வலியும் உண்டு. வெயில் என்றாள், பிறகு மழை என்றாள். நான் பாராசிட்டமால் கொண்டுவந்து கொடுத்தேன்.

தட்டினேன். உள்ளே என்னவெல்லாமோ நகர்ந்தது. தாழ் திறக்க நேரமானது.

“செருப்ப வெளிய போடு,” என்றாள் உம்மா. “மருந்து இருக்கு.”

ஜன்னலுக்குத் துணி கட்டியிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. தரையில் மூன்று பெரிய தட்டு, தட்டின் மேல் வெள்ளைத் துணி, துணியின் மேல் வடகம் காயப்போட்டது போல மாத்திரைகள். பக்கத்தில் காற்றுக்கு மறைவாகத் தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி, ஹேக்ஸா பிளேடு, கத்தை கத்தையாகக் கவர். கவரின் வாயை பிளேடில் மடித்துத் தீயில் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். மூலையில் பக்கெட் சோப்புத் தண்ணீரில் சிவப்புக் குப்பிகள் மிதந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஸீல் உடைக்காத குப்பிகள் நான்கைந்து. உம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக் கட்டி, வளையலைக் கழற்றி வைத்து, ஒரு நர்ஸைப் போல உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகளில் சின்னச் சின்னச் சூட்டுக் காயம்.

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, அவளே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணாச்சி கொடுத்த வேலை. சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் தொடுகிறாள். ஒரு மாத்திரை உடைந்ததில்லை, ஒன்று தொலைந்ததில்லை. மழைக்காலத்து ஈரத்தில் நமுத்துப்போகக் கூடாது என்று குப்பியில் இருந்து கொட்டி இரண்டு நாள் ஃபேனுக்கு அடியில் காயப்போடுகிறாள், அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளாக யோசித்துச் செய்தது. கழுவிய குப்பியைப் பள்ளிவாசல் பக்கத்து அத்தர்க்காரர் கேட்டு வாங்கிப் போகிறார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், அண்ணாச்சி சொன்னார், சர்ட்டிபிகேட் உள்ள பிள்ளைக்குத் தெரிந்தால் அது பிள்ளை மீது வரும், தெரியாமல் இருந்தால் வராது என்று. பில்லைக் கேட்காதே என்று எனக்குச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

“உம்மா, இப்ப ஒனக்கு தல வலிக்கா?”

“காலையில இருந்து பொளக்குது. அதுக்கு இப்ப என்னளா?”

“ஊர்ல நெஞ்சு வலிக்காரங்க எவருக்கும் தல வலிக்கல. அவங்க எல்லார் தலவலியும் ஒங்கிட்ட இருக்கு.”

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். நமுத்துப்போகாமல் இருக்க நீ காயப்போட்டுப் போக்கியது ஈரத்தை இல்லை, மருந்தை. அது காற்றில் போயிருக்கிறது, அடைத்த அறைக்குள் அதை நீ இரண்டு மாதமாக மூச்சில் இழுத்திருக்கிறாய். ஸீல் வைத்து நீ கவரில் அனுப்பியது வெறும் சக்கை. உம்மா தட்டுகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள், அதனால் ஏதோ திரும்பி வரும் என்பதைப் போல.

அப்போது ஏணியில் சத்தம் கேட்டது. வாப்பா. தோல் வெட்டுகிற பட்டறையில் இருந்து முகம்மது ஹனீப் சாப்பாட்டுக்கு வருகிற நேரம் அது. ஏழு படி. நான்கு படியோடு சத்தம் நின்றது.

வெளியே எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையில் இருந்து கவரை எடுத்துப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். கவரில் மூன்று வட்டம். நான் போய்த் தாங்கி மேலே கொண்டுவந்து உட்கார வைப்பதற்குள் இரண்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். முகம் சாம்பலாக இருந்தது, நெற்றியில் வேர்வை.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பத்து நாளாக, என்றார். ஏணி ஏறினால் வருகிறது, இப்போதெல்லாம் டீக்கடை வரை நடந்தாலும் வருகிறது.

“மூணு போட்டாலும் விட மாட்டேங்குது. கொஞ்சம் ஒக்காந்தா போயிரும். ஆனா மாத்திர நல்ல மாத்திர, தல வலி கெடையாது.”

உட்கார்ந்தால் போனது. மாத்திரையால் போகவில்லை. பத்து நாளாக என் வாப்பாவை ஒரு ஸ்டூல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மூலையில் இருந்த புதுக் குப்பி ஒன்றை எடுத்து ஸீலை உடைத்தேன். உம்மா கையை நீட்டினாள், அது அண்ணாச்சி மால் என்று பழக்கத்தில் வாயில் வந்தது, நிறுத்திக்கொண்டாள். வாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். போனில் நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம். இரண்டு. உம்மா மெழுகுவர்த்தியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நிமிடம் வாப்பா மூச்சை நீளமாக விட்டார்.

“எளகுது.”

அதற்கப்புறம் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “சனியன், தல தெறிக்குது. என்ன மாத்திரட்டி குடுத்த? அந்தப் பழைய எளவுதானா?”

எனக்கு அழுகை வந்தது. பாசத்தில் வந்த அழுகை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்து, உடைக்க முடியாததால் வந்த அழுகை.

டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அட்டாக் இல்லை, ஆனால் அதன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நடந்தாலே வலி, மூன்று மாத்திரைக்கும் விடவில்லை என்றால் பத்து நாள் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று இந்தியில் வாப்பாவைத் திட்டினார். மாத்திரை எங்கே என்றார். கவரைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெயர் இல்லை, பேட்ச் இல்லை, தேதி இல்லை, மூன்று வட்டம் மட்டும் இருந்தது.

எந்த ஃபார்மசிஸ்ட் இதைக் கொடுத்தது என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அட்மிஷன் எழுதினார்.

மறுநாள் காலை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். வாப்பா உள்ளே தூங்கினார். அண்ணாச்சி அதற்குள் உம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அது உம்மா பேச ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, வார்த்தை அவளுடையதாக இல்லை. இனிமேல் முழுக் குப்பியோடு கொடுப்பார். மிச்சக் கவரை எல்லாம் குப்பையில் கொட்டிவிடுவார். ஹனீப் பாய் அவருக்கு அண்ணன் மாதிரி. நடந்தது நடந்துவிட்டது, பிள்ளை இதை வெளியே கொண்டுபோனால் முதலில் பிள்ளையின் சர்ட்டிபிகேட்தான் போகும்.

நான் கணக்குச் சொன்னேன். நாற்பது குப்பி என்றால் இருநூற்று நாற்பது கவர். பிரிக்காதது போக, காய்கிறது போக, கடையில் இருப்பது போக, வெளியே போனது நூற்று ஐம்பதுக்கு மேல் இருக்கும். முருகம்மாள் முந்தியில் ஒன்று. வெயிலுமுத்து பையில் ஒன்று. மற்றவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நம்பிக்கொண்டு நடக்கிறார்கள், மேம்பாலம் ஏறுகிறார்கள். நெஞ்சைப் பிடித்தால் பையில் மருந்து இருக்கிறதே என்று ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

“நான் என்ன வெஷத்தையா குடுத்தேன்?” என்றாள் உம்மா.

“வெஷம்னா வாந்தி எடுத்தாவது தெரிஞ்சிரும் உம்மா. இது ஒண்ணுமே செய்யாது. அதான் பயம்.”

அவள் விரல் காயங்களைத் தடவிக்கொண்டாள். நான் போனை எடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுத ஆரம்பித்தேன். கடையின் பெயர், பேட்ச் நம்பர், கவரின் குறி. என் பெயர், என் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர். மாத்திரை எங்கே வைத்துப் பிரிக்கப்பட்டது என்ற இடத்தில் விரல் நின்றது.

“வாசிச்சுக் காட்டு,” என்றாள் உம்மா.

இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னேன். ‘எங்கள் வீட்டில் வைத்து’ என்பதை அப்போதுதான், அவளுக்குச் சொல்லும்போதுதான், முடிவு செய்தேன்.

“இதுக்குத்தான் ஒன்னப் படிக்க வச்சனா? பெத்தவளக் காட்டிக் குடுக்கதுக்கா?” என்றாள். பிறகு வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே, “கதவத் தாழ் போட்டிருந்ததையும் எழுது. அத ஏன் விடுத?”

அது குத்தலா சம்மதமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதையும் எழுதினேன். அனுப்பினேன். போன் பச்சை டிக் காட்டியது. பெஞ்சை விட்டு எழுந்து கடைக்கு நடந்தேன்.

கடையில் அண்ணாச்சி எனக்கு முன்னால் தயாராக இருந்தார். கவுண்டரில் பன்னிரண்டு சிவப்புக் குப்பியை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வாப்பாவை விசாரித்தார். டாக்டர் என்ன சொன்னார், என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று மூன்றாவது கேள்விக்கு வந்தபோது குரல் மெலிந்தது. நான் ஒரு வெள்ளைத் தாளில் பட்டை மார்க்கரால் தமிழிலும் இந்தியிலும் எழுதினேன். மேலே பெரிசாக மூன்று வட்டம். இந்தக் குறி போட்ட கவர் மாத்திரை வேலை செய்யாது, உடனே திருப்பிக் கொண்டுவரவும், நெஞ்சு வலித்தால் இதை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும். கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன்.

அவர் வந்து, கிழியாமல், நான்கு மூலையிலும் நகத்தால் நெம்பி அதை எடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“தாயி, திரும்பி வாரவங்களுக்கு மாத்திக் குடுத்துருவோம். சத்தமில்லாம. வராதவங்கள நாம எதுக்குக் கூப்பிடணும்?”

“வராதவங்களுக்குத்தான் அண்ணாச்சி அது.”

அவர் மெதுவாகப் பேசினார். முப்பது வருடக் கடை. ஒரு மாத்திரை அவர் கலப்படம் செய்ததில்லை, அதற்குப் பில்லையே காட்டினார். அஞ்சு மாத்திரை வாங்கத்தான் முடியும் என்கிறவனுக்கு அஞ்சு கொடுத்தது குற்றமா? அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. ஐந்து கேட்கிறவனுக்கு ஸ்ட்ரிப்பில் வரும் வேறு மாத்திரையை டாக்டரிடம் எழுதி வாங்கி வா என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவள் அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குக் கீழே பதினோரு மாதமாக நின்றாள்.

நான் கேட்டு வாங்கிய ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஆணியில் இருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்தேன். சுவரில் அந்த அளவுக்குச் சதுரமாகப் பழைய பெயிண்ட் தெரிந்தது.

“அத எடுத்தா ஷட்டர எறக்கணும் பிள்ள.” இப்போது தாயி போய்விட்டது.

“எறக்குங்க.”

“சாயங்காலத்துக்குள்ள மகேஷ்குமார் வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டிருவான். டோம்பிவிலில ஆயிரம் பேர் இருக்கான்.”

“மாட்டட்டும். அதுக்குள்ள ஆள் வந்துரும்.”

“யாரு?”

நான் ஸ்டூலை விட்டு இறங்கி, அதை இருந்த இடத்தில் திருப்பி வைத்தேன். அவர் பையில் இருந்த தாளைக் கேட்கவில்லை. மார்க்கர் என்னிடம் இருந்தது, தாள் எங்கேயும் கிடைக்கும். யாரு என்று அவர் இன்னொரு தடவை கேட்டார், இந்தத் தடவை எழுந்து நின்று. ஃபிரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினேன். மணி பதினொன்று. முருகம்மாள் இட்லி விற்று முடித்து வந்து படுத்திருக்கிற நேரம். முதலில் அவளை எழுப்ப வேண்டும்.